வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும் முன்: ராமநாதபுரம் கடலோரத்தாருக்கு ஒரு காகித வழிகாட்டி

துபாய், சவுதி, சிங்கப்பூர், மலேசியா என்று எங்கே போவதாக இருந்தாலும் வேலை ஆரம்பிக்கும் இடம் வீட்டுப் பீரோதான். விசா வரட்டும், அப்புறம் காகிதம் பார்க்கலாம் என்று இருப்பவர்கள் கடைசியில் ராமநாதபுரத்துக்கும் மதுரைக்கும் சென்னைக்குமாக அலைகிறார்கள். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு சபுராளி, அதாவது வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், இருப்பார். அவரைக் கேட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், மூக்கையூர்ப் பக்கம் படகுத் தொழிலை விட்டுவிட்டு முதல் தடவையாகக் கிளம்புகிறவர்களுக்கு அப்படிச் சொல்லித்தர ஆள் கிடைப்பது குறைவு. இது முக்கியமாக அவர்களுக்காக எழுதியது.

முதல் வேலை: பெயரைச் சரிபார்ப்பது

ஒருநாள் சாயங்காலம் பாயை விரித்து, வீட்டில் உங்கள் பெயரில் இருக்கும் எல்லாக் காகிதங்களையும் பரப்பி வையுங்கள். ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், டி.சி., வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, பான், லைசென்ஸ், இருந்தால் பிறப்புச் சான்றிதழ். ஒவ்வொன்றிலும் மூன்றே மூன்றைப் பாருங்கள்: உங்கள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி. தமிழில் பார்த்தால் போதாது, ஆங்கில எழுத்தைப் பாருங்கள். அந்தோணி என்ற பெயர் ஆதாரில் எச் எழுத்தோடு இருக்கும், மார்க் ஷீட்டில் எச் இல்லாமல் இருக்கும். செய்யது என்பதை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதுவார்கள், ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு விதம், தம்பிக்கு ஒரு விதம் இருக்கும். ஊருக்குள் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வெளிநாட்டு எம்பசியில் உட்கார்ந்திருப்பவருக்கோ எழுத்து மாறினால் ஆளே வேறு.

சரி, எதை வைத்து எதைத் திருத்துவது? படித்தவராக இருந்தால் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்தான் அடிப்படை. அதில் திருத்தம் வாங்குவது நீண்ட வேலை. ஆதாரில் திருத்துவது சுலபம், ஆனால் அதற்கும் கணக்கு உண்டு. ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே ஒரு முறையும்தான் மாற்றலாம். அதனால் ஆதார் மையத்தில் ஒப்புகைச் சீட்டு அச்சாகி வந்ததும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம்.

பெயரே முழுக்க வேறாக இருந்தால், அதாவது கூப்பிடும் பெயர் ஒன்றிலும் பள்ளிக்கூடப் பெயர் இன்னொன்றிலும் ஏறிவிட்டிருந்தால், தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிடுவதுதான் வழி. அதற்குச் சென்னையில் உள்ள எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். காலம் பிடிக்கும் வேலை என்பதால் இதை எல்லாவற்றுக்கும் முன்னால் தொடங்குங்கள்.

அடுத்து இனிஷியல். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெயருக்கு ஒரு கட்டம், சர்நேமுக்கு ஒரு கட்டம் இருக்கும். இனிஷியலை அப்படியே போட முடியாது, விரித்து எழுத வேண்டும். நமக்குச் சர்நேம் கிடையாதே என்று அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறவர்கள் நிறைய. இந்தியாவில் அது செல்லும். வெளியே போனால் இடிக்கும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் விசிட் விசாவுக்கு அனுமதியில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது விமான நிலையம் வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு. அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் எழுதிவிடுங்கள் என்பதுதான் என் கட்சி. மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும் இருப்பதும் பாஸ்போர்ட்டில் அது விரிந்திருப்பதும் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் பழகிய விஷயம். ஆனால் விரிக்கும்போது அப்பா பெயரின் எழுத்து, மார்க் ஷீட்டில் அப்பா பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ் இல்லையே என்று பயப்பட வேண்டாம். 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்குத்தான் பாஸ்போர்ட்டுக்கு அது கட்டாயம். வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்த நம்மைப் போன்றவர்களுக்கு மார்க் ஷீட், டி.சி., பான், லைசென்ஸ் போன்றவற்றில் ஒன்று போதும். பின்னாளில் குடும்பத்தை அழைத்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் மட்டும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஆஸ்பத்திரியில் வாங்கி வந்து அப்படியே மடித்து வைத்த சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இல்லாமலே கிடக்கும்.

பாஸ்போர்ட்

ராமநாதபுரம் மாவட்டம் மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்குக் கீழே வருகிறது. விண்ணப்பம் பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில்தான். அரசு முத்திரை போட்ட மாதிரி காட்டும் போலித் தளங்கள் பல உள்ளன. முகவரி கவ் டாட் இன் (gov.in) என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். பெரியவர்களுக்கு 36 பக்கப் புத்தகம் 1,500 ரூபாய், 60 பக்கம் 2,000. தட்கலில் அவசரமாக வேண்டும் என்றால் கூடுதலாக 2,000. கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தால் அவர்களுக்கு ஏதாவது கொடுப்பது நியாயம்தான், ஆனால் உள்நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் உங்கள் கைக்கு வர வேண்டும். மொபைல் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும். சென்டர்காரர் தன் நம்பரைப் போட்டுவிட்டால் போலீஸ் விசாரணைத் தகவல் முதல் தபால் தகவல் வரை எல்லாம் அவருக்கே போகும்.

நேரில் போகும் நாளில் அசல் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். போட்டோவும் கைரேகையும் அங்கேயே எடுப்பார்கள். வலை இழுத்தும் கயிறு பிடித்தும் ரேகை தேய்ந்த கைகளுக்கு மெஷின் அடம் பிடிக்கும். முந்தின நாள் ராத்திரி கைக்குக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுப் படுங்கள், காலையில் நன்றாகக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொண்டு போங்கள்.

திரையில் உங்கள் விவரங்களைக் காட்டும்போது மறுபடியும் எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிறகு உள்ளூர்க் காவல் நிலையத்திலிருந்து விசாரணை வரும். அந்த நாட்களில் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கு கடலுக்குப் போகாமல் ஊரில் இருப்பது நல்லது. வீட்டில் ஆள் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். உங்கள் மேல் வழக்கு ஏதாவது நிலுவையில் இருந்தால் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். நீதிமன்ற அனுமதி வாங்கிப் போட வழி இருக்கிறது. மறைத்தது தெரிந்தால் பாஸ்போர்ட் சட்டப்படி அதுவே தனிக் குற்றம்.

புத்தகம் ஸ்பீட் போஸ்ட்டில், உரியவர் கையில் மட்டும் கொடுப்பார்கள். வீடு பூட்டியிருந்தால் மதுரைக்கே திரும்பிவிடும். தபால்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர்., அதாவது குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு வரும் (தொண்டி வழியாகப் போகும் ரோடு அல்ல). இந்தக் குறிப்பு உள்ளவர்கள் 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி தேவை. சவுதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, ஈராக், ஜோர்டான், லெபனான் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. சிங்கப்பூர் இல்லை. பத்தாம் வகுப்பு தேறியவர், வருமான வரி கட்டுபவர், ஐம்பது வயது தாண்டியவர் போன்றவர்களுக்கு இந்தக் குறிப்பு வராது. மார்க் ஷீட் இருந்தும் அதைக் காட்டாமல் வெறும் ஆதாரை வைத்து விண்ணப்பித்து இ.சி.ஆரில் மாட்டிக்கொள்பவர்கள் உண்டு.

இதைத் தொந்தரவு என்று நினைக்கிறவர்களே அதிகம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் கம்பெனியின் பெயர், சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவாக வேண்டும். நாளைக்குச் சம்பளம் வரவில்லை என்றால் அரசாங்கத்திடம் காட்ட அந்தப் பதிவு இருக்கும். இதோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடும் சேர்ந்து வருகிறது. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய், வரி தனி. விபத்தில் உயிரிழந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். பாலிசித் தாளை வாங்கி வீட்டில் கொடுத்துவிட்டுப் போங்கள். அப்படி ஒரு காப்பீடு இருப்பதே தெரியாத குடும்பங்கள் இருக்கின்றன.

இ.சி.ஆர். பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்களுக்கு இந்த நாடுகளுக்கு 30 வயது முடிந்தால்தான் அனுமதி. நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு என்ன பாஸ்போர்ட்டாக இருந்தாலும் இந்த 18 நாடுகளுக்கு அனுமதி தேவை. அவர்கள் நேராகத் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை அணுகுவது நல்லது.

ஏஜென்ட்டும் விசாவும்

உரிமம் உள்ள ஏஜென்ட்டா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பெயர் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். ஊருக்குள் டீக்கடையில் உட்கார்ந்து ஆள் சேர்ப்பவர் அநேகமாகத் துணை ஏஜென்ட். அப்படி ஒரு பதவி சட்டத்தில் கிடையாது. உரிமம் உள்ள ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. நம் பக்கம் கேட்கும் தொகை எவ்வளவு என்பது உங்களுக்கே தெரியும். எவ்வளவு கொடுத்தாலும் பேங்க் வழியாகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். நகையை அடகு வைத்து ரொக்கமாகக் கொடுத்த பணத்துக்குப் பிறகு சாட்சி தேட முடியாது.

விசிட் விசாவில் போங்கள், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஃப்ரீ விசா என்பதும் இதே ரகம். விசாவில் ஒரு முதலாளி பெயர் இருக்கும், வேலை வேறு எங்கோ செய்வீர்கள், பிடிபட்டால் குற்றவாளி நீங்கள். கம்போடியா, லாவோஸ், மியான்மர் பக்கம் டேட்டா என்ட்ரி வேலை, நல்ல சம்பளம் என்று அழைத்துப் போய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்த விவகாரத்துக்குப் பிறகு மத்திய அரசே எச்சரிக்கை வெளியிட்டது.

விசா காப்பி கைக்கு வந்ததும் பாஸ்போர்ட் நம்பர், பெயர், வேலைப் பெயர் மூன்றையும் ஒத்துப் பாருங்கள். வேலைப் பெயர் என்பது சின்ன விஷயம் இல்லை. டிரைவர் என்று பேசிவிட்டு விசாவில் ஆடு மேய்ப்பவர் என்று இருந்தால், அங்கே போய் இறங்கியதும் நீங்கள் ஆடு மேய்ப்பவர்தான். சிங்கப்பூருக்குத் தொழில் திறன் டெஸ்ட் அடித்துவிட்டுக் காத்திருப்பவர்கள், வேலை அனுமதிக்கான முதற்கட்ட ஒப்புதலான ஐ.பி.ஏ. கடிதம் வந்ததும் சம்பளப் பகுதியைப் படியுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, எதற்கெல்லாம் பிடித்தம் என்று அதில் இருக்கும். கத்தார் வேலை விசாவுக்கு மெடிக்கல், கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் சென்னையில் உள்ள கத்தார் விசா மையத்திலேயே நடக்கும். அங்கே காட்டும் ஒப்பந்தத்தில் சம்பளம் பேசியதைவிடக் குறைவாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள், பிறகு கேட்டுப் பயனில்லை.

சான்றிதழ் அட்டெஸ்டேஷன்

சான்றிதழ் அசல்தான் என்று அரசு முத்திரை வாங்குவதுதான் அட்டெஸ்டேஷன். முதலில் இது உங்களுக்குத் தேவையா என்று கேளுங்கள். ஹெல்பர், கொத்தனார், மீன்பிடி வேலைகளுக்குப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை, ஆனால் சில ஏஜென்ட்கள் பில்லில் சேர்த்துவிடுவார்கள். டிகிரி, டிப்ளமோ வைத்து வேலைக்குப் போகிறவர்களுக்கும் குடும்ப விசா எடுப்பவர்களுக்கும்தான் இது முக்கியம்.

வரிசை இப்படி: மாநில அரசின் சரிபார்ப்பு, அடுத்து டெல்லி வெளியுறவு அமைச்சகம், அதற்குப் பிறகு நாட்டைப் பொறுத்தது. சவுதி, ஓமன், பஹ்ரைன், சிங்கப்பூர் ஆகியவை, ஒரு நாடு கொடுத்த சான்றை மற்ற நாடுகள் அப்படியே ஏற்கும் ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்தவை என்பதால் வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் அப்போஸ்டில் என்ற ஸ்டிக்கரோடு முடிந்துவிடும். அமீரகம், குவைத், கத்தார் என்றால் அந்தந்த எம்பசி முத்திரையும் வேண்டும். அப்போஸ்டிலுக்கான அரசுக் கட்டணம் ஒரு காகிதத்துக்கு 50 ரூபாய்தான். மற்றதெல்லாம் அமைச்சகம் அங்கீகரித்த முகமைக்கும் கூரியருக்கும் நடுவில் இருப்பவருக்கும் போகிறது. ஸ்டிக்கரில் உள்ள எண்ணை இணையத்தில் போட்டு அது அசல்தானா என்று நீங்களே பார்க்கலாம்.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. கடல் காற்றில் காகிதம் பூத்துப் போகிறது என்று மார்க் ஷீட்டை வாங்கிய அன்றே லேமினேஷன் போட்டுவிடுவோம். முத்திரையும் ஸ்டிக்கரும் காகிதத்தின் முதுகில் விழ வேண்டும், பிளாஸ்டிக் மேல் ஒட்டினால் செல்லாது. லேமினேஷனை வீட்டில் இஸ்திரிப் பெட்டி வைத்து உரிக்கப் பார்க்காதீர்கள். ஓரத்தில் சுலபமாகத் தூக்கும், நடுவில் வரும்போது எழுத்து பிளாஸ்டிக்கோடு சேர்ந்து போய்விடும், முத்திரை இருந்த இடத்தில் வெள்ளைத் திட்டு நிற்கும். சென்னையிலும் மதுரையிலும் அட்டெஸ்டேஷன் எடுத்துக் கொடுப்பவர்களிடம் இதைப் பிரிக்கத் தெரிந்த ஆட்கள் உண்டு. கிழிந்தே போய்விட்டது என்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் இரண்டாம் படி வாங்கலாம். இனி வாங்கும் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள், அது போதும்.

திருமணச் சான்றிதழுக்கு ஒரு குறிப்பு. பள்ளிவாசல் நிக்காஹ் பதிவேட்டின் நகலோ கோயில் ரசீதோ எம்பசிக்குப் போதாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழ் வேண்டும். கணவன் மனைவி இருவரும் நேரில் வர வேண்டிய வேலை இது, அதனால் கிளம்புவதற்கு முன்பே முடியுங்கள்.

போலீஸ் சான்றிதழும் மெடிக்கலும்

வெளிநாட்டுக்கான போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழைக் கொடுப்பது காவல் நிலையம் அல்ல, பாஸ்போர்ட் அலுவலகம். கட்டணம் 500 ரூபாய். தமிழ்நாடு காவல்துறை தன் தளத்தில் கொடுக்கும் சரிபார்ப்புச் சான்றிதழ் உள்ளூர் வேலைக்கானது, இரண்டையும் குழப்பிக்கொண்டு பணத்தை வீணாக்காதீர்கள். ரொம்ப முன்னதாக எடுத்தால் விசா வருவதற்குள் காலாவதியாகிவிடும்.

மெடிக்கலும் அப்படித்தான். வளைகுடா நாடுகளுக்கு வஃபித் தளத்தில் பதிவு செய்து, அங்கீகரிக்கப்பட்ட மையத்தில்தான் எடுக்க வேண்டும். பேச்சில் இன்னும் காம்கா மெடிக்கல் என்றே சொல்கிறோம். திருச்சி, சென்னை போன்ற இடங்களில் மையங்கள் உள்ளன. எக்ஸ்ரேயில் பழைய காசநோய்த் தழும்பு தெரிந்தாலும் அன்ஃபிட் போட்டுவிடுவார்கள். எப்போதாவது காசநோய்க்கு மருந்து சாப்பிட்டவர்கள், ஏஜென்ட்டுக்குப் பணம் கட்டும் முன் ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் ஒரு எக்ஸ்ரே எடுத்து டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கடல் வேலைக்கே போகிறவர்கள்

பஹ்ரைன், சவுதி, ஈரான் பக்கம் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒப்பந்தத்தில் கேட்க வேண்டிய கேள்விகளே வேறு. சம்பளமா, பங்கா? பங்கு என்றால் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்த பிறகா, முன்பா? தொழில் இல்லாத மாதத்தில் என்ன தருவார்கள்? திரும்பும் டிக்கெட் யார் செலவு? இதையெல்லாம் வாயால் பேசினால் போதாது. இங்கே படகு உரிமையாளரோடு வாய்வார்த்தையில் தொழில் பார்த்துப் பழகியவர்களுக்கு எழுதிக் கேட்பது மரியாதைக் குறைவாகத் தோன்றும், ஆனால் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஈரான் அந்த 18 நாடுகளின் பட்டியலில் இல்லை. அதனால் குடியேற்ற அனுமதியும் கிடையாது, ஒப்பந்தப் பதிவும் கிடையாது. 2020இல் கொரோனா வந்தபோது ஈரான் கடற்கரையில் சிக்கிய மீனவர்களை மீட்கக் கடற்படைக் கப்பலே போக வேண்டியிருந்தது. ஐ.என்.எஸ். ஜலஷ்வா பந்தர் அப்பாஸிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு அந்த ஆண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்து சேர்ந்தது. பஹ்ரைன், சவுதிப் படகுகளில் வேலை பார்த்த நம் ஆட்கள் ஈரான் எல்லைக்குள் போய்விட்டதாகப் பிடிபட்டதும் நடந்திருக்கிறது. கச்சத்தீவுப் பக்கம் தொழில் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படகின் பதிவு எண், முதலாளி பெயர், எந்தத் துறைமுகம் என்ற மூன்றையும் போய்ச் சேர்ந்த வாரமே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வீட்டில் விட்டுப்போக வேண்டியவை

ஆதாரிலும் பேங்கிலும் பதிந்த சிம்மை அணையவிடாதீர்கள். ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். ரோமிங் போடுங்கள், இல்லையென்றால் வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து ரீசார்ஜ் செய்யச் சொல்லுங்கள். வெளிநாட்டு வேலையில் சேர்ந்த பிறகு இங்குள்ள சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வாழும் இந்தியர்களுக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும், அங்கிருந்து பணம் அனுப்ப என்.ஆர்.இ. கணக்குத் தொடங்கலாம்.

நிலம், வீடு, பாகப்பிரிவினை ஏதாவது நடக்க வாய்ப்பு இருந்தால் கிளம்பும் முன் சார்பதிவாளர் அலுவலகத்தில், உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரமான பவர் எழுதிப் பதிவு செய்யுங்கள். அங்கிருந்து எழுதினால் இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பி, இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பவரை எந்த வேலைக்கு, எந்தச் சர்வே எண்ணுக்கு என்று குறுக்கி எழுதுங்கள். அண்ணன் தம்பிதானே என்று எல்லா அதிகாரமும் கொடுத்து எழுதிய பவரால் வந்த வழக்குகள் ராமநாதபுரம் கோர்ட்டில் குறைவில்லை.

கடைசியாக ஒரு ஃபைல். பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும், விசா, ஒப்பந்தம், ஏஜென்ட் ரசீது, காப்பீட்டுப் பாலிசி, டிக்கெட் எல்லாவற்றின் நகலையும் அதில் வைத்து அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுங்கள். அங்கே போன பிறகு கிடைக்கும் அடையாள அட்டையின் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை ஒரு பிரிண்ட் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ஏதாவது பிரச்சினை என்றால் வீட்டார் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளுக்கு ஓடுவார்கள், அல்லது வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற புகார்த் தளத்தில் பதிவு செய்வார்கள். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது பாஸ்போர்ட் நம்பரும் கம்பெனி பெயரும்தான். அதைச் சொல்ல முடியாத மனு மேசையைத் தாண்டி நகராது.